பொதுப்புத்தி நிற்கும் இடமும் விஞ்ஞானம் தொடங்கும் இடமும்

விஞ்ஞானம் என்ற சொல் இன்று எமது பேச்சில் இரண்டு விதமாகப் புழங்குகின்றது. ஒரு சாராருக்கு அது ஆய்வுகூடமும் நுணுக்குக்காட்டியும் வெள்ளை அங்கியும். இன்னொரு சாராருக்கு அது ஒரு முத்திரை. "இத விஞ்ஞானமே நிரூபிச்சிட்டுது" என்று ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டால், அதற்குமேல் கேள்வி கேட்க இடமில்லை என்று எண்ணுகிறார்கள். இந்த இரண்டு பார்வைகளும் விஞ்ஞானத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள உதவுவதில்லை. ஆய்வுகூடம் விஞ்ஞானத்தின் வேலைத்தளங்களில் ஒன்று, அவ்வளவுதான். முத்திரையாக அதைப் பயன்படுத்துவதோ விஞ்ஞானத்தின் உயிர்நாடியான கேள்வியையே இல்லாமலாக்கிவிடுகின்றது.

விஞ்ஞானத்தின் இயல்பைக் காண இலகுவான வழி, அதை அதன் நெருங்கிய உறவான பொதுப்புத்தியோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகும். ஒரு சமூகம் தன் அன்றாட அனுபவத்தில் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி, "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று ஏற்றுக்கொண்ட அறிவையே இங்கு பொதுப்புத்தி என்கிறோம். இரண்டும் அனுபவத்திலிருந்தே பிறக்கின்றன. அப்படியென்றால் எந்த இடத்தில் அவை பிரிகின்றன?

காரணம் தெரியாத சரியான செயல்

பொதுப்புத்தியைக் குறைத்துப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. எமது கிழக்குக் கரையின் மீனவர்கள் வாடை, கச்சான், சோழகம் என்று காற்றுகளுக்குப் பெயரிட்டு, எந்தக் காற்றில் தோணி இறக்கலாம், எதில் கரையிலேயே இருந்துவிட வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் படிக்காமல் அறிந்திருக்கிறார்கள். வீட்டில் பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, பழைய தயிரில் ஒரு கரண்டி கலந்து மூடி வைக்கிறார் உம்மா. காலையில் தயிர் தயார். பக்டீரியா என்ற சொல் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் அதே கைப்பக்குவத்தை நுவரெலியாவின் குளிருக்குக் கொண்டுபோனால் பால் இலகுவில் உறைவதில்லை. "பால் சரியில்ல" என்போம். அல்லது "கைராசி இல்ல" என்போம். உறையில் உள்ள பக்டீரியாக்கள் பாலின் வெல்லத்தை அமிலமாக மாற்றுவதாலேயே பால் உறைகிறது என்பதையும், அவை நன்றாக வேலை செய்ய ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் சூடு வேண்டும் என்பதையும் அறிந்தவர் பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்பருகே வைப்பார். வெயில் ஊரில் சொல்லாமலேயே கிடைத்த ஒரு நிபந்தனை குளிர் ஊரில் இல்லாமற் போனது அவருக்கு விளங்கும்.

இதுவே முதல் வித்தியாசம். பொதுப்புத்தி 'என்ன செய்ய வேண்டும்' என்பதைச் சொல்கிறது. அது எந்த நிபந்தனையில் உண்மை, எந்த எல்லைக்கு அப்பால் பொய்த்துப்போகும் என்பதைச் சொல்வதில்லை. வாழ்க்கை ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்வரை இந்தக் குறை வெளியே தெரியாது. தயிரில் இது சின்ன விஷயம். உயிர் போகும் விஷயத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மலேரியாவின் வரலாறு நல்ல சான்று.

மலேரியா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சாவியே அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் என்று பல நூற்றாண்டுகளாக மக்கள் நம்பினார்கள். அதனால் சதுப்பு நிலத்தை வடித்தார்கள். மேட்டு நிலத்தில் வீடு கட்டினார்கள். அந்தி சாய்ந்ததும் ஜன்னலை மூடினார்கள். இவை எல்லாமே பலன் தந்தன. காய்ச்சல் குறைந்தது. அதைப் பார்த்தவர்கள் கெட்ட காற்றுக் கொள்கையை எப்படிச் சந்தேகிப்பார்கள்?

1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லவெரான் நோயாளியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரொஸ், நோயாளியைக் கடித்த நுளம்பின் இரைப்பைச் சுவரில் அக்கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். அதன் பின்னரே பழைய நடைமுறைகள் ஏன் பலித்தன என்பது விளங்கியது. சதுப்பு வற்றியபோது நுளம்பு பெருகும் இடம் போனது. ஜன்னலை மூடியபோது காற்றோடு சேர்ந்து நுளம்பும் வெளியே நின்றது. செயல் சரி, அதற்குச் சொன்ன காரணம் பிழை. ஒரு செயல் பலித்தால் அதற்குச் சொல்லப்படும் காரணமும் சரிதான் என்று பொதுப்புத்தி முடிவெடுத்து விடுகின்றது. விஞ்ஞானம் இந்த இரண்டையும் பிரித்து வைத்து விசாரிக்கின்றது.

மழை பொய்த்த ஆண்டு

நுளம்புதான் காரணம் என்று தெரிந்த பிறகும் பொதுப்புத்தி தன் வேலையை விடுவதில்லை. "மழ பெஞ்சா தண்ணி தேங்கும், தண்ணி தேங்கினா நுளம்பு வரும், நுளம்பு வந்தா காய்ச்சல் வரும்" என்பது கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. இந்தக் கணக்கின்படி வறட்சி ஆண்டில் மலேரியா குறைய வேண்டும்.

1934இல் இலங்கையில் நடந்தது அதற்கு நேர்மாறு. அந்த ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. ஆண்டின் இறுதியில் கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலும் மகா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகளை ஒட்டிய ஊர்களிலும் காய்ச்சல் வெடித்துப் பரவியது. 1935 வரை நீடித்த அந்தக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அப்போது நாட்டின் மொத்தச் சனத்தொகையே சுமார் 55 இலட்சம்தான். வழக்கமாக மலேரியாவோடு வாழ்ந்துவந்த உலர் வலயத்தைவிட, நல்ல மழையும் செழிப்பும் கொண்ட பகுதிகளே அதிகம் பாதிக்கப்பட்டன.

இதை விளக்க மூன்று விடயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. முதலாவது, இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய பிரதான நுளம்பான அனோபிலிஸ் குலிசிபேசிஸ் அழுக்கான சதுப்பில் பெருகுவதில்லை. வெயில் படும் தெளிந்த நீர்க்குட்டைகளே அதற்கு விருப்பமானவை. இரண்டாவது, மழை உள்ள காலத்தில் ஆறுகள் நிறைந்து ஓடுவதால் குடம்பிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. வறட்சியில் ஆறு வற்றி, மணலிலும் பாறைகளுக்கிடையிலும் ஆயிரக்கணக்கான குட்டைகளாக உடைந்தது. மூன்றாவது, அப்பகுதி மக்கள் அதற்கு முந்திய ஆண்டுகளில் நோய்க்கு அவ்வளவாக ஆளாகாததால் அவர்களிடம் எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. வறுமையும் பட்டினியும் மிச்சத்தைச் செய்தன.

மழையும் நுளம்பும் பற்றிய பொதுப்புத்தி முழுப் பொய்யல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். பல இடங்களில் அது உண்மை. ஆனால் எந்த நுளம்பு, எந்த நீர், எந்த மக்கள் என்று அது கேட்பதில்லை. ஒரே வகையான நுளம்பு, ஒரே வகையான நீர் என்று எடுத்துக்கொள்கிறது. இன்று டெங்கு விடயத்திலும் இதையே காண்கிறோம். "எங்கட ஊரில சாக்கட இல்ல, டெங்கு வராது" என்று சொல்பவரின் வீட்டில் பூச்சாடித் தட்டிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டிலும் உள்ள தெளிந்த நீரில் டெங்கு நுளம்பு வளர்கிறது. அது கடிப்பதும் பெரும்பாலும் பகலில். இரவு நுளம்பு வலை மட்டும் அதற்குப் போதாது.

கூடவே நடந்ததும் காரணமாக நடந்ததும்

பொதுப்புத்தியின் இன்னொரு பழக்கம், ஒன்றையடுத்து ஒன்று நடந்தால் முந்தியது பிந்தியதற்குக் காரணம் என்று முடிச்சுப் போடுவது. முஸ்லிம் வாசகர்கள் நன்கறிந்த ஒரு சம்பவம் இதற்குப் பொருத்தமானது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் குழந்தையாக இருக்கும்போதே மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்றாஹீமின் மரணத்தால்தான் கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். துயரத்தில் இருந்த ஒரு தந்தைக்கு அது ஆறுதலான பேச்சு. தூதுத்துவத்துக்கு ஆதரவான அத்தாட்சியாகக்கூட அதை விட்டுவைத்திருக்கலாம். ஆனால் நபியவர்கள் அதை மறுத்தார்கள். எவருடைய இறப்புக்காகவோ வாழ்வுக்காகவோ கிரகணம் ஏற்படுவதில்லை என்பதைத் தெளிவுபடுத்தி, மக்களைத் தொழுகையின் பக்கம் திருப்பினார்கள்.

இந்த ஹதீஸை ஒரு விண்ணியல் பாடமாக ஆக்கத் தேவையில்லை; அதன் நோக்கம் வேறு. என்றாலும், கூடவே நடந்ததைக் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற நேர்மை, தனக்குச் சாதகமான இடத்திலும் கைவிடப்படவில்லை என்பது எமது மரபின் மையத்திலேயே பதிந்திருக்கிறது.

2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணி மருந்து கொவிட் நோயைக் குணப்படுத்தும் என்ற செய்தி பரவியதும், இடைவெளியை மறந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டார்கள். "குடிச்சன், சுகமாயிட்டுது" என்பதே அவர்களுக்குச் சான்று. எமது கைத்தொலைபேசிகளிலும் அந்த நாட்களில் இதுபோன்ற கைமருந்துகளுக்குக் குறைவிருக்கவில்லை. அப்படிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. குடித்தார்கள், சுகமானார்கள். ஆனால் கொவிட் தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலானோர் எதையும் குடிக்காமலும் சுகமாகிறார்கள். எனவே நூறு பேர் குடித்துச் சுகமானார்கள் என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே வயதும் அதே நோய் நிலையும் கொண்ட, குடிக்காத நூறு பேருக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையானோர் சுகமாகியிருந்தால் மருந்து ஒன்றும் செய்யவில்லை. இந்த ஒப்பீட்டைச் செய்யாதவரை, மருந்து நல்லதென்றும் சொல்ல முடியாது. கெட்டதென்றும் சொல்ல முடியாது. பொதுப்புத்தி பலித்ததை மட்டும் எண்ணுகிறது. விஞ்ஞானம் பலிக்காததையும் சேர்த்து எண்ணுகிறது.

இப்னுல் ஹைதமின் விளக்குகள்

இத்தகைய ஒப்பீட்டை ஓர் ஒழுங்காகச் செய்துகாட்டிய ஆரம்பகால அறிஞர்களில் ஒருவர் பஸ்றாவில் கி.பி. 965 அளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். நாம் எப்படிப் பார்க்கிறோம் என்ற கேள்விக்கு அவருக்கு முன்பிருந்த யூக்ளிட், தொலமி போன்ற பேரறிஞர்கள் தந்த விடை, கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றது என்பதாகும். பொதுப்புத்திக்கு இது மிகவும் இசைவானது. 'பார்வையை வீசினான்', 'கண்ணெறிந்தாள்' என்று தமிழில் நாம் இன்றும் சொல்வதும் அந்த எண்ணத்தில்தான்.

இப்னுல் ஹைதம் 'கிதாபுல் மனாழிர்' என்ற தனது ஏழு பாகங்கள் கொண்ட நூலில் இதை மறுத்தார். சூரியனை உற்றுப் பார்த்தால் கண் நோகின்றது. கடும் ஒளியைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாலும் அதன் உருவம் சற்று நேரம் நிற்கிறது. அப்படியென்றால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று கண்ணுக்குள் வருகிறது. இதை வெறும் வாதமாக விட்டுவிடாமல் அவர் பரிசோதனைக்கும் வழி செய்தார். ஓர் இருட்டறையின் சிறு துவாரத்துக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தால், ஒவ்வொரு விளக்குக்கும் உள்ளே ஓர் ஒளிப்பொட்டு விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரே உள்ள பொட்டு மட்டும் மறையும். திறந்தால் மீண்டும் வரும். ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதும், பல ஒளிகள் ஒரே துவாரத்தைக் கடந்தாலும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை என்பதும் இதனால் தெரிகிறது.

இந்தப் பரிசோதனையில் விளக்கை மறைக்கும் அந்தச் செயலே முக்கியமானது. 'எனது கருத்து சரியென்றால் இந்தப் பொட்டு மறைய வேண்டும்; மறையாவிட்டால் நான் பிழை' என்று முன்கூட்டியே ஒரு நிபந்தனை வைக்கப்படுகிறது. யார் சொன்னார் என்பது அங்கே எடுபடுவதில்லை. பஸ்றாவிலோ பரிஸிலோ எவரும் செய்து பார்க்கலாம். தொலமியைப் பற்றிய தனது சந்தேகங்களை எழுதிய இன்னொரு நூலில், முன்னோரின் நூல்களைச் சோதித்துப் படிக்க வேண்டும் என்று சொல்லும் இப்னுல் ஹைதம், அப்படிச் சோதிப்பவர் தன்னையும் சந்தேகிக்க வேண்டும் என்கிறார். மற்றவரைச் சந்தேகிப்பது எல்லாருக்கும் இலகு. தன் கருத்தைத் தானே சோதனைக்கு நிறுத்துவதுதான் கடினம்.

இப்னுல் ஹைதமைப் பற்றிப் பெருமை பேசும் கட்டுரைகள் எம்மிடம் ஏராளம். அவருடைய முறையை நாம் எந்தளவு கையாள்கிறோம் என்பது வேறு கேள்வி.

முடிவு மாறுவது பலவீனமா?

"விஞ்ஞானிகள் இன்டக்கி ஒன்டு சொல்றாங்க, நாளக்கி வேறொன்டு சொல்றாங்க" என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. மீண்டும் மலேரியாவுக்கு வருவோம். 1946இல் இலங்கையில் வீடுகளுக்குள் டிடிடி தெளிக்கத் தொடங்கியதும் நோய் வேகமாகக் குறைந்தது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவானவர்கள் 17 பேர் மட்டுமே. நோய் போய்விட்டது என்ற நம்பிக்கையில் தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1960களின் கடைசியில் வறட்சியோடு நோய் மீண்டும் எழுந்து இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. டிடிடிக்கு நுளம்பு பழகிவிட்டதும் பின்னர் கண்டறியப்பட்டு, 1977இல் மலத்தியோன் பயன்பாட்டுக்கு வந்தது. 2012க்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய நோயாளர் பதிவாகாததால், 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. ஆயினும் அதற்குச் சற்றுப் பின்னர், நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு மன்னாரில் இருப்பது அறிவிக்கப்பட்டது. வெளிநாடு சென்று திரும்புவோரைச் சோதிக்கும் வேலை அதனால் இன்றும் தொடர்கிறது.

இந்த வரலாற்றில் முடிவுகள் மாறியது எண்ணிக்கையும் கண்காணிப்பும் தொடர்ந்ததனால்தான். 17 என்ற எண் தெரிந்திருந்ததால்தான் பின்னர் எழுந்த இலட்சம் தெரிந்தது. மாறாத முடிவு பொதுப்புத்தியிடம் நிறையவே உண்டு. பிழைத்ததை அது கணக்கில் எழுதிவைப்பதில்லை என்பதே அதற்குக் காரணம்.

பெயரும் முறையும்

இந்த வித்தியாசம் எமது சமூகத்துக்கு வெறும் ஏட்டுப் படிப்பல்ல. 2020 ஏப்ரல் 11ஆந் திகதி வெளியான வர்த்தமானி, கொவிட்டால் மரணிப்பவர்களின் உடல்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அது நிபுணர்களின் கருத்து, விஞ்ஞானம், எனவே கேள்வி கேட்க வேண்டாம் என்று எமக்குச் சொல்லப்பட்டது. பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையின் உடலும் அந்த ஆண்டு டிசம்பரில் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரத்தைச் சொன்னார்கள்.

நிலத்தடி நீர் பற்றிக் கேள்வி கேட்டது பிழையல்ல. புதிய நோய் வந்தபோது எவரும் கேட்கவேண்டிய கேள்விதான் அது. ஆனால் 'உடலில் கிருமி இருக்கு, மண்ணுக்குள்ள தண்ணி இருக்கு, ஆகவே கிருமி தண்ணிக்குப் போகும்' என்பது வெறும் பொதுப்புத்தி வாதம். அதை விஞ்ஞானமாக்க வேண்டுமானால் சோதிக்க வேண்டும். வைரஸ் உயிருள்ள கலத்தினுள் மட்டுமே பெருகும். இறந்த உடலில் எவ்வளவு காலம் நிலைக்கும்? உயிரோடிருந்த ஆயிரக்கணக்கான தொற்றாளர்களின் கழிவு மலசலகூடக் குழிகள் வழியாக அதே மண்ணுக்குத்தானே போனது. அங்கே நீரில் வைரஸ் காணப்பட்டதா? அடக்கம் செய்ய அனுமதித்த ஏனைய நாடுகளில் கிணற்று நீரால் எவருக்காவது தொற்று ஏற்பட்டதா? இவை அன்றே கேட்கப்பட்ட, விடை தேடக்கூடிய கேள்விகள். உடலைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. 2021 பிறக்கும் தறுவாயில் இலங்கை மருத்துவச் சங்கம் உட்பட உள்நாட்டு மருத்துவ அமைப்புகளும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றன. 2021 பெப்ரவரி 25ஆந் திகதியே வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச் மாதத்தில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது.

இந்த அனுபவத்திலிருந்து 'விஞ்ஞானத்தை நம்பக்கூடாது' என்ற முடிவுக்கு வருவோரும் எம்மிடையே உண்டு. உண்மையில் அங்கே இருந்தது விஞ்ஞானத்தின் பெயர். அதன் முறை இருக்கவில்லை. அந்தக் கட்டாயத்துக்கு எதிராக எமது கையில் இருந்த வலுவான நியாயங்களில் ஒன்று மார்க்க உரிமை; மற்றொன்று விஞ்ஞானமே. இரண்டாவதை எடுத்துப் பேச, வைரஸ் பற்றியும் மண்ணியல் பற்றியும் சான்று எப்படி மதிப்பிடப்படுகிறது என்பது பற்றியும் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அப்படிப் பேசியவர்கள் எல்லாச் சமூகங்களிலும் இருந்தார்கள். போதுமான எண்ணிக்கையில் இருக்கவில்லை.

எனவே, எவர் எதை விஞ்ஞானம் என்று சொன்னாலும், அரச குழு சொன்னாலும் சரி, எமது பள்ளிவாசல் மேடையில் சொன்னாலும் சரி, கைத்தொலைபேசியில் வந்தாலும் சரி, மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். இது எந்த நிபந்தனையில் உண்மை? எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்? எதைக் கண்டால் நீங்கள் சொன்னது பிழையென்று ஏற்றுக்கொள்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு விடையில்லாதவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அந்த இடத்தில் பொதுப்புத்தியைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார். எமது மத்ரஸாக்களும் பாடசாலைகளும் விஞ்ஞானப் பாடத்தில் மாணவர்களுக்குச் சூத்திரங்களோடு இந்தக் கேள்விகளையும் கற்றுக்கொடுத்தால், அடுத்த கொள்ளைநோய் வரும்போது எமக்காகப் பேச ஆள் தேட வேண்டியிராது.